ஜூன்ல துபாய் ஏன் மலிவா கிடைக்குது? போஸ்டர்ல இல்லாத கணக்கு



தாம்பரத்துல இருந்து பல்லாவரம் வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு தடவை பஸ்ல போனா போதும், துபாய் டூர் விளம்பரம் ஒண்ணாவது கண்ணுல பட்டுடும். "4 இரவு, 5 நாள், ஒருத்தருக்கு 49,999 மட்டுமே" மாதிரி. அதே ஆளுகிட்ட டிசம்பர்ல போகணும்னு கேட்டுப் பாருங்க, விலை வேற எங்கேயோ நிக்கும். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன தம்பி, தங்கச்சிங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ண வரும்போது சைடுல கேக்குற கேள்வி இதுதான்: "இப்ப ரொம்ப கம்மியா இருக்கே, போயிட்டு வந்துடலாமா?"

தாராளமா போகலாம். முதல் தடவை பாஸ்போர்ட்ல முத்திரை விழறது ஒரு சந்தோஷம், அதை நான் எதுக்குக் கெடுக்கணும்? ஆனா நீங்க கட்டப் போற காசு ஒரே மாதிரி காசு இல்ல. சிலது போனா போனதுதான். சிலது நீங்க கேட்டாத்தான் திரும்பி வரும். சிலது கட்டவே வேண்டாத காசு. எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஃப்ளைட் ஏறுங்க. நான் சொல்ற வரி விதிகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது.

வெயிலுக்குத்தான் தள்ளுபடி

"நாம பாக்காத வெயிலா? கத்திரியையே பார்த்தவங்க நாம"னு ஒரு தைரியம் நமக்கு உண்டு. கொஞ்சம் பொறுங்க. மீனம்பாக்கத்துல மே மாசம் 40 டிகிரி அடிச்சாலும், மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வந்துடும், தெருவுல ஒரு வேப்ப மரம் இருக்கும். துபாயும் கடலோர ஊருதான். ஆனா ஒரு பக்கம் பாலைவனம், இன்னொரு பக்கம் ஆழம் கம்மியான பாரசீக வளைகுடா. அந்தத் தண்ணியே கோடையில வெதுவெதுப்பா ஆயிடும். அதனால பகல்ல அனல், ராத்திரி புழுக்கம். ஜூன்ல பகல் வெப்பம் சராசரியா 40 டிகிரி பக்கத்துல இருக்கும். 2025 மே 24-ம் தேதி அபுதாபி எமிரேட்ல உள்பக்கமா இருக்கிற ஸ்வைஹான்ங்கிற ஊர்ல 51.6 டிகிரி பதிவாச்சு. மே மாசத்துலயே!

அங்க ஒரு சட்டம் இருக்கு. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும், மத்தியானம் 12.30-லிருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல யாரையும் வேலை வாங்கக் கூடாது. நம்ம ஊர்க்காரங்களும் நிறைய பேர் அந்தக் கட்டட வேலையில இருக்காங்க, அவங்களுக்காக வந்த விதி. டூர் போற நமக்கும் அது ஒரு நல்ல அளவுகோல். உங்க டூர் திட்டத்துல அந்த நேரத்துக்கு ஏதாவது வெளியில சுத்துற ஐட்டம் போட்டிருந்தா, மாத்தித் தரச் சொல்லுங்க.

ஹோட்டல் ரேட் இறங்குறதுக்குக் காரணம் இந்த வெயில்தான். அதோட சேர்ந்து சில இடங்களும் மூடிடும். குளோபல் வில்லேஜ் மே மாசத்தோட மூடிட்டு அக்டோபர்லதான் திறக்கும். பூக்களாலேயே கட்டின மிராக்கிள் கார்டனும் கோடைக்கு லீவு. யூடியூப்ல நாம பாக்குற துபாய் வீடியோல பாதி, குளிர்காலத்துல எடுத்தது. அதைப் பார்த்துட்டு ஜூன்ல போனா, பாத்த இடத்துல சிலது திறந்திருக்காது. கொட்டேஷன் வாங்கும்போது ஒவ்வொரு இடத்துக்கும் "நான் போற தேதியில திறந்திருக்குமா?"னு எழுத்துல கேளுங்க. வாட்ஸ்ஆப்ல பதில் வந்தாலும் போதும்.

டெசர்ட் சஃபாரி மட்டும் எப்பவும் ஓடும். மத்தியானம் 3 மணிக்கு மேல கூட்டிட்டுப் போவாங்க, சூரியன் மறையுறதே 7 மணிக்கு. மணல்ல வண்டி ஏறி இறங்குறப்போ ஏசி இருக்கும், அப்புறம் கேம்ப்ல சாப்பாடும் டான்ஸும் திறந்த வெளியில. இளம் வயசுக்காரங்க சமாளிச்சுடலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுற அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, அந்த ஒரு ஐட்டத்தைக் கழிச்சுட்டு ரேட் கேளுங்க. அவங்களுக்காகவே போற டூர்னா நவம்பர் வரைக்கும் காத்திருங்க, அதிகமா கொடுக்கிற காசு நியாயமான காசு.

டிக்கெட்ல ஒரு சூட்சுமம். ஹோட்டல் மலிவா இருக்குங்கறதுக்காக ஃப்ளைட்டும் மலிவா இருக்கும்னு நினைக்காதீங்க. அங்க இந்தியப் பள்ளிகளும் மத்த பள்ளிகளும் ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல கோடை விடுமுறை விடும். அங்க குடியிருக்கிற குடும்பங்கள் எல்லாம் அப்பதான் ஊருக்குக் கிளம்புவாங்க. அந்த நேரத்துல சென்னையிலிருந்து துபாய்க்குப் போற டிக்கெட் கம்மியா இருக்கும், நீங்க திரும்பி வர்ற டிக்கெட் அவங்களோட போட்டி போடும். பக்ரீத் வாரமும் அப்படித்தான், ஹோட்டல் உட்பட. போக வர ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

49,999 எப்படி 55,000 ஆகுது

இப்ப நம்ம ஏரியா. புதுசா கல்யாணம் ஆன ஜோடி, ஒருத்தருக்கு 50,000 வீதம் ஒரு லட்சம் ரூபாய் பேக்கேஜ்னு வெச்சுக்கோங்க. பேக்கேஜுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 5,000 ரூபாய். அந்த 1,05,000 மேல 2025-26 விதிப்படி டிசிஎஸ் 5 சதவீதம், 5,250 ரூபாய். மொத்தம் 1,10,250. போஸ்டர் அடியில எறும்பு சைஸ்ல "ஜிஎஸ்டி, டிசிஎஸ் தனி"னு இருக்கும்ல, அது இதுதான்.

இதுல ஜிஎஸ்டி போனது போனதுதான். டிசிஎஸ் அப்படி இல்ல. அது உங்க பேர்ல, உங்க பான் நம்பர்ல, அரசாங்கத்துக்கிட்ட முன்கூட்டியே கட்டின வருமான வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கிறவங்க 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதமும், அதுக்கு மேல 20 சதவீதமும் பிடிச்சுக் கட்டணும்னு இருந்தது. உங்க சம்பளத்துல கம்பெனி டிடிஎஸ் பிடிக்கிற மாதிரி, இங்க டிராவல்ஸ்காரர் பிடிக்கிறார். அவ்வளவுதான். ஆனா "டாக்ஸ் கட்டியாச்சு, முடிஞ்சுது"னு விட்டுட்டுப் போறவங்க நிறைய பேர். அந்த 5,250 தானா உங்க அக்கவுண்ட்டுக்கு வராது, நீங்க கேக்கணும்.

எப்படிக் கேக்குறது? உங்க சம்பளத்தைப் பொறுத்து வழி மாறும்.

சம்பளம் 15 லட்சம்னு வைங்க, புது வரி முறை. நிரந்தரக் கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து வருஷ வரி 97,500 ரூபாய். மாசம் 8,125 டிடிஎஸ். நீங்க 12பிஏஏ-ங்கிற படிவத்துல டிசிஎஸ் விவரத்தை எழுதி ஹெச்ஆர்கிட்ட கொடுத்தா, 5,250-ஐ அந்த டிடிஎஸ்ல கழிச்சுக்குவாங்க. அக்டோபர் 2024-ல வந்த வசதி இது. இன்னும் சில கம்பெனி போர்ட்டல்ல இந்த ஆப்ஷன் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கும், பேரோல் டீமுக்கு ஒரு மெயில் போடுங்க. பணம் அடுத்தடுத்த மாசச் சம்பளத்துலயே வந்துடும்.

சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ளன்னா கதை வேற. 2025-26-ல புது முறையில உங்களுக்கு வரியே இல்ல, அதனால டிடிஎஸ்ஸும் இல்ல. கழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல 12பிஏஏ கொடுத்து என்ன பண்றது? நீங்க ஐடிஆர் ஃபைல் பண்ணித்தான் ரீஃபண்ட் வாங்கணும். "எனக்குத்தான் வரி இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?"னு நிறைய பேர் கேப்பீங்க. இதுக்குத்தான். ஜூன் 2025-ல கட்டின டிசிஎஸ்ஸுக்கு, 2026 ஏப்ரலுக்கு அப்புறம்தான் ரிட்டர்ன் போட முடியும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்தக் காசு கையில இல்லன்னு பட்ஜெட் போடுங்க.

26ஏஎஸ்-ல அந்த டிசிஎஸ் வந்திருக்கான்னு பார்க்க மறக்காதீங்க. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு டிராவல்ஸ்காரர் ஜூலை 15-க்குள்ள ஸ்டேட்மென்ட் போடணும். ஆகஸ்ட்லயும் வரலன்னா அவரைக் கூப்பிட்டு 27டி சான்றிதழ் கேளுங்க. பிடிச்சுட்டு கட்டாம இருக்கிறவங்களும் இருக்காங்க. அதனாலதான் பில் இல்லாம, ஜிபே-ல தனி நபர் நம்பருக்குப் பணம் அனுப்பி டூர் புக் பண்ணாதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்.

யாரோட பான்?

வீடியோ கமெண்ட்ல யாரும் கேக்காத, ஆனா ஆபீஸ்ல நான் அடிக்கடி பாக்குற விஷயம் இது. காசு கட்டுறது பையன். மரியாதைக்காக புக்கிங் அப்பா பேர்ல, அப்பா பான்ல. நாலு பேருக்கு 2 லட்சம் பேக்கேஜ்னா 10,500 ரூபாய் டிசிஎஸ் அப்பாவோட கணக்குல போய் உக்காந்துடும். பையன் தன் ரிட்டர்ன்ல அதைக் கேக்க முடியாது. அப்பா சின்ன பென்ஷன்ல இருக்கார், ரிட்டர்ன் போட்டு பல வருஷம் ஆச்சு. இப்ப அந்த 10,500-க்காக அவர் ஐடிஆர் போடணும், பேங்க் அக்கவுண்ட்டை போர்ட்டல்ல சரிபார்க்கணும், பானும் ஆதாரும் இணைஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு. ஒரு வருஷத்துல வெளிநாட்டுப் பயணத்துக்கு, தனக்கோ வேற யாருக்கோ, 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினவங்க வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். அப்பா பேர்ல மொத்த பில்லும் போனா, அந்தக் கட்டாயமும் அவர் தலையில. யார் சம்பாதிக்கிறாங்களோ, யார் காசு கட்டுறாங்களோ, அவங்க பேர்லயே பில் போடுங்க. மரியாதையை ஜன்னல் சீட்ல காட்டிக்கலாம்.

டிசிஎஸ்ஸே வேண்டாம்னா அதுக்கும் நேரான வழி இருக்கு. டிக்கெட், ஹோட்டல், இந்த மாதிரி செலவுல குறைஞ்சது ரெண்டாவது சேர்ந்திருந்தாத்தான் அது "டூர் பேக்கேஜ்"னு வருமான வரித்துறை 2023-லயே விளக்கம் கொடுத்திருக்கு. டிக்கெட்டை ஏர்லைன்ஸ் சைட்லயும், ஹோட்டலைத் தனியாவும் நீங்களே புக் பண்ணினா டிசிஎஸ் கிடையாது. ஷார்ஜாவுல சித்தப்பா பையன் ரூம்ல தங்கப் போறவங்களுக்கு பேக்கேஜே தேவையில்ல, விசாவும் டிக்கெட்டும் போதும்.

அப்புறம் எல்டிஏ. "ஆபீஸ்ல எல்டிஏ இருக்கே, துபாய் டிக்கெட்டைக் கொடுக்கலாமா?"ன்னா, முடியாது. இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில இருந்தா.

அங்க செலவு பண்ற காசு

திர்ஹாம் 1997-லிருந்து டாலரோட கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725. அதனால நமக்கு திர்ஹாம் விலை ஏறுதுன்னா, டாலருக்கு எதிரா ரூபாய் இறங்குதுன்னு அர்த்தம். 2025 ஜூன்ல ஒரு திர்ஹாம் 23 ரூபாய்க்கு கொஞ்சம் மேல இருந்தது.

சாதாரண கிரெடிட் கார்டுல அங்க தேய்ச்சா, பெரும்பாலான கார்டுல 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 70,000 ரூபாய்க்குச் செலவு பண்ணினா 2,891 ரூபாய் இதுக்கே போயிடும். ஃபாரெக்ஸ் கார்டுல 70,000-க்கு ஏத்தினா ஜிஎஸ்டி 126 ரூபாய்தான். ஆனா அவங்க கொடுக்கிற ரேட்டுக்குள்ளயே ஒரு மார்ஜின் ஒளிஞ்சிருக்கும், கூகுள் ரேட்டோட ஒப்பிட்டு ரெண்டு மூணு இடத்துல கேளுங்க. திர்ஹாமாவே ஏத்துங்க. டாலர்ல ஏத்திட்டு திர்ஹாம்ல செலவு பண்ணினா, மாத்துறதுக்குத் தனியா ஒரு வெட்டு. ஃபாரெக்ஸ் கார்டுக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் இல்ல, பயப்பட வேண்டாம்.

கட்டவே வேண்டாத காசுன்னு சொன்னேன்ல, அது இதோ. மால்ல கார்டு கொடுத்தா மெஷின் கேக்கும்: "ரூபாய்ல கட்டுறீங்களா, திர்ஹாம்லயா?" நம்ம காசைப் பார்த்ததும் ஒரு பாசம் வரும். அழுத்திடாதீங்க. ரூபாய்னு அழுத்தினா ரேட்டை அந்தக் கடைக்காரரோட பேங்க் முடிவு பண்ணும், அது உங்களுக்குச் சாதகமா இருக்காது. நம்ம ஊர் பேங்க் சிலது அதுக்கும் தனிக் கட்டணம் போடும். எப்பவும் திர்ஹாம்.

வெயில்ல டாக்ஸி செலவு எகிறும், அதையும் சொல்லிடறேன். மெட்ரோ நல்லா இருக்கு, ஸ்டேஷன் முழுக்க ஏசி, சில்வர் நோல் கார்டுல 3 திர்ஹாம்லிருந்து 7.50 வரைக்கும், ஒரு நாள் பாஸ் 20. ஆனா ஸ்டேஷன்ல இருந்து ஹோட்டல் வரைக்கும் நடக்கிற 900 மீட்டர், ஜனவரியில ஒரு நடை, ஜூன்ல ஒரு டாக்ஸி. ஒரு தடவை ஏறினாலே 13 திர்ஹாம் மினிமம். அதனால ஜூன்ல போறவங்க ஹோட்டல் ரேட்டை மட்டும் பார்க்காம, மெட்ரோவுக்குப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. ராத்திரிக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் லாபம். சாயங்காலம் க்ரீக்ல ஆப்ராங்கிற மரப்படகு ஒரே ஒரு திர்ஹாம்தான், துபாய்லயே எனக்குப் பிடிச்ச செலவு அது. ஹோட்டல் செக்-இன்ல டூரிசம் திர்ஹாம்னு ரூமுக்கு ராத்திரிக்கு 7-லிருந்து 20 வரைக்கும் வாங்குவாங்க, பேக்கேஜ்ல அது சேர்ந்திருக்கான்னு முன்னாடியே கேளுங்க.

அங்க வாட் வரி 5 சதவீதம். சுற்றுலாப் பயணிகளுக்கு அதுல பெரும்பகுதி திரும்பி வரும். திட்டத்துல சேர்ந்த கடையில, ஒரு பில் குறைஞ்சது 250 திர்ஹாம் இருக்கணும், வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டணும். 1,050 திர்ஹாம் பில்லுல வாட் 50. அதுல பெரும்பகுதி, ஒரு சின்னக் கட்டணம் போக, கையில வரும். ஏர்போர்ட்ல பெட்டியை செக்-இன்ல போடுறதுக்கு முன்னாடி அதைச் சரிபார்த்துக்கணும். நிறைய பேர் பெட்டியை அனுப்பிட்டுத்தான் கவுன்ட்டரைத் தேடுவாங்க.

தங்கம்

அம்மா கண்டிப்பா கேப்பாங்க, அதனால இதைத் தனியா எழுதறேன். துபாய்த் தங்கம் மலிவா இருந்ததுக்கு முக்கியக் காரணம் நம்ம இறக்குமதி வரி. அது 2024 ஜூலை பட்ஜெட்ல 15-லிருந்து 6 சதவீதமா இறங்கிடுச்சு. 2025 ஜூன் ஆரம்பத்துல சவரன் 71,000 சுத்தி இருந்தது, வித்தியாசம் தோராயமா சவரனுக்கு 4,000 ரூபாய். சொந்தக்காரங்க சொல்ற "ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம்" நகைச் சலுகை, ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல குடியிருந்துட்டுத் திரும்புறவங்களுக்கு. 2025-ல அதுலயும் 50,000, ஒரு லட்சம்னு மதிப்பு வரம்பு இருந்தது. அஞ்சு நாள் டூர் போன உங்களுக்கு அது இல்ல. பொதுவான சலுகையில (2025-ல அது 50,000 ரூபாய்) காசு, பிஸ்கட் வடிவத் தங்கம் சேராது. ஆறு மாசம்கூட வெளிநாட்டுல தங்காதவங்க கொண்டு வந்தா வரி 2025-ல சுமார் 38.5 சதவீதம். 4,000 மிச்சம் பண்ணப் போய் 25,000 கட்டுற கணக்கு. மீனம்பாக்கத்துல மறைச்சு எடுத்துட்டு வந்து மாட்டினா தங்கமே பறிமுதல். குரோம்பேட்டைக் கடையிலயே அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க.

கடன் வாங்கிப் போகலாமா?

ஒன்றரை லட்சம் பர்சனல் லோன், 16 சதவீதம், 24 மாசம். இஎம்ஐ சுமார் 7,344. மொத்தம் 1,76,000-க்கு மேல கட்டுவீங்க, வட்டி மட்டும் 26,000. அதாவது வெயிலுக்காகக் கிடைச்ச தள்ளுபடியை பேங்க் வாங்கிக்குது. அதே 7,344-ஐ இந்த ஜூலையிலிருந்து ஆர்டில போட்டா, பிப்ரவரி கடைசிக்குள்ள 58,000 கையில இருக்கும். மார்ச்ல அங்க வெயிலும் தாங்கும், மூடிக் கிடக்கிற இடமெல்லாம் திறந்திருக்கும். மார்ச் 31-க்குள்ள பணம் கட்டினா அந்த டிசிஎஸ் இதே நிதியாண்டுல வந்துடும், ரிட்டர்ன் போட்டு சில மாசத்துலயே ரீஃபண்ட் கேக்கலாம்.

கிளம்புறவங்களுக்குக் கடைசியா சில விஷயம். பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லுபடியா இருக்கணும். திரும்பி வர்ற டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் பிரின்ட் எடுத்து வைங்க. விசா தேதி தாண்டினா ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாம் அங்க கட்டுப்பாட்டுல இருக்கு, முன் அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போகாதீங்க. வீட்டுல குருமாவுக்கு அரைச்சுக் கொடுக்கிற மசாலாப் பொடியில கசகசா இருக்கான்னு அம்மாகிட்ட கேட்டுடுங்க, அந்த நாட்டுல கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பகல் ஃப்ளைட்னா தாம்பரத்துல ரயில் ஏறி திரிசூலத்துல இறங்குங்க, அஞ்சு ரூபாய் டிக்கெட். நடுராத்திரி ஃப்ளைட்டுக்கு ரயில் கிடையாது, கேப்தான்.